அந்த வரியை எழுதியவர்

“எந்த மடையன்யா இந்த வரியை எழுதினது?”

சுத்தியல் போட்ட சத்தத்தில், மூன்று வீடு தள்ளிப் படுத்திருந்த நாய், தன்னைத்தான் கேட்கிறார்களோ என்று எழுந்து இடம் மாறிப் படுத்தது.

சுத்தியல் என்பது குழுவில் அவருக்கு வைத்த பெயர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, பிரித்துப் பார்த்து, திருத்தலாம் என்று விட்டிருக்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். அதைச் சம்பளமில்லாமல் கட்டிக் காக்கிற முந்நூறு பேர். அதில் யூஎஸ்பி சீரியல் அடாப்டரை இயக்கும் ‘டிரைவர்’ என்கிற நிரல் இவர் பொறுப்பு. பழைய மெஷின் பேசுவதைப் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டைவிரல் அளவு சாமான் அந்த அடாப்டர். “நான் டிரைவர் பாக்கிறேன்” என்று இவர் சொன்னதைக் கேட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்ததும் உண்டு.

தப்போடு யார் எதை அனுப்பினாலும் தலையில் ஒரே போடு. அதனால்தான் சுத்தியல்.

அன்று வந்தது குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருவரின் புகார். எடை மெஷினில் 2.46 கிலோ; கம்ப்யூட்டரில் ஏறுவது 2.4. குறைமாதக் குழந்தை தினம் இருபது கிராம் ஏறினாலும், சார்ட்டில் நாலு நாளாக அதே எடை. தாய்மார்கள் அழுகிறார்கள்.

கடைசி இலக்கம் அடாப்டர் வழியாக வந்து சேர்வதற்குள் டிரைவர் கதவைச் சாத்திவிடுகிறது. ஒரே ஒரு வரி செய்த வேலை. யார் எழுதியது என்று கேட்டால் கம்ப்யூட்டரே பெயரைச் சொல்லும். சொன்னது.

மச்சினன்! அடுத்த அறையில் உட்கார்ந்து இதே குழுவுக்கு உழைக்கிற, மனைவியின் தம்பி.

“டேய், இங்க வா! இது யார் பேரு?”

அவன் திரையைப் பார்த்தான். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

“என் பேருதான் போட்டிருக்கு அத்தான்.”

“பச்சக் குழந்தைங்க விஷயம்டா! தூங்கிக்கிட்டே எழுதினியா?”

“மன்னிச்சுக்குங்க அத்தான்.”

சொந்தக்காரன் என்று விட்டால் அப்புறம் சுத்தியலுக்கு என்ன மரியாதை? முந்நூறு பேருக்கும் கடிதம் பறந்தது: ‘என் மச்சினனே ஆனாலும் தப்பு தப்புதான். இனி இவர் நம் நிரலில் கை வைக்கக் கூடாது.’

ஒருவரும் மறுத்து எழுதவில்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

திருத்தம் அரை மணி நேர வேலை. அனுப்பும்போது ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும்: இந்தத் தவறு எந்த மாற்றத்தில் நுழைந்தது? மச்சினன் செய்திருந்த மாற்றத்தைத் திறந்தார்.

அவன் எதையும் எழுதியிருக்கவில்லை. கோணல்மாணலாகக் கிடந்த வரிகளின் ஓரத்தை மூன்று வருடம் முன்பு நேராக்கியிருந்தான், அவ்வளவுதான். கடைசியாகத் தொட்டவன் பெயரைத்தான் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது.

அதற்கு அடியில், பதினோரு வருடம் முன்பு அந்த வரியை எழுதியவரின் பெயர் இருந்தது.

இவருடைய பெயர்.

காது மடல் வரை சுட்டது. கட்டத்தைக் காலியாக விட்டு, திருத்தத்தை மட்டும் அனுப்பினார். எடை சரியாக ஏறுகிறது என்று நர்ஸ் நன்றி எழுதினார். காலிக் கட்டத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. சுத்தியலிடம் கேட்க யாருக்குத் தைரியம்?

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள். திங்கட்கிழமை ஆகட்டும் என்று இன்னும் நாலு நாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சவரத்தை விட்டதில் தாடி வேறு வளர்ந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: “ஏன்டா தம்பி, வாரம் பூரா சும்மாவே உட்கார்ந்திருக்க? உங்க குழுவுல வேலை ஒண்ணும் இல்லையா?”

“லீவு குடுத்திருக்காங்கக்கா” என்றான் தம்பி. சொல்லிவிட்டு, தண்ணீர் டம்ளரை அத்தான் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் குழுவுக்கு எழுதினார்: ‘அந்த வரியை எழுதியது நான்தான். மச்சினன் அல்ல. தெரிந்தும் ஒன்பது நாள் மறைத்தேன். பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.’

அனுப்பிவிட்டு, விழப்போகும் முந்நூறு போடுகளுக்காகத் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

வந்தது ஒரே பதில். குழுவின் செயலாளர் அம்மா எழுதியிருந்தார்:

‘விலகவெல்லாம் வேண்டாம் சார். அது உங்கள் வரி என்று அன்றைக்கே எங்கள் எல்லோருக்கும் தெரியும். திறந்து கிடக்கிற நிரல்தானே, யார் வேண்டுமானாலும் தோண்டிப் பார்க்கலாம். கேட்க விடாதவர் உங்கள் மச்சினன்தான். “அத்தானே சொல்லிடுவார், இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க” என்று எழுதியிருந்தார். இன்று காலை வந்தது, அவருடைய ஒன்பதாவது கடிதம்.’