வண்டியின் நெற்றியில்

லஸ் முனையில் சிவப்பு விழுந்தது. நோயல் நின்றுவிட்டான்.

நோயல் சிக்னலில் நிற்பதா! கோட்டூர்புரம் குடியிருப்பில் யாரிடம் சொன்னாலும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

எதிரில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. மெட்ரோ வேலைக்குப் போட்ட தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைச் சாலை காலியாகக் கிடந்தது. பின்னாலிருந்து வந்த ஓரிரு வண்டிகளும் நிற்காமல் இடமும் வலமுமாக அவனைத் தாண்டிப் பறந்தன.

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "இன்னா நைனா, ரோடே காலியா கீது, இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறே?"

நோயலுக்கும் அதே கேள்விதான். அதுவும் இன்றைக்குப் பார்த்தா!

சாந்தோமில் பூசை முடிந்திருக்கும். அக்கா ஈவ்லின் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். நோயல்தான் ஞானத்தகப்பன்.

இவனையா ஞானத்தகப்பனாக நிறுத்துவது என்று அத்தான் வீட்டில் கொஞ்ச நாளாகவே புகைச்சல். அத்தானின் அண்ணன் வில்லியம் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு ஞாயிறு பூசை தவறாதவர், மடிப்புக் கலையாத சட்டைக்காரர். அவர் இருக்க இவன் எதற்கு? அக்காதான் ஒற்றைக்காலில் நின்று சாதித்தாள். என் தம்பி வருவான் என்று ஃபாதரிடமே அடித்துச் சொல்லிவிட்டாள்.

ஃபாதர் யாருக்காகவும் காத்திருக்கிற ஆள் இல்லை. நோயல் வராவிட்டால் வில்லியம், அவ்வளவுதான். அக்கா முகம் என்ன ஆகும்?

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன வெள்ளைச் சட்டையால் வந்தது. இஸ்திரி வண்டிக்காரர் இதோ அதோ என்று நிறுத்திவைத்துவிட்டார்.

ஆக்ஸிலரேட்டரில் கை துடித்தது. ஒரு முறுக்கு முறுக்கினால் போதும்.

எட்டிக் குனிந்து, வண்டியின் நெற்றியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஒரு தடவை பார்த்தான். கையைத் தளர்த்திக்கொண்டான்.

போன வாரப் பிரசங்கத்தில் இளவட்டங்களைப் பார்த்து ஃபாதர் ஒரு போடு போட்டிருந்தார். மாதா படத்தை வண்டியில் ஒட்டிக்கொண்டு சிக்னலைத் தாண்டுகிறாயே, பார்க்கிறவன் உன்னை மட்டுமா திட்டுகிறான்? கோயிலே சிரித்தது. நோயலும் சிரித்தான். வெளியே வந்து அடுத்த சிக்னலையே தாண்டினான்.

இன்றைக்கு என்னவோ முடியவில்லை.

பச்சை விழுந்தது. பறந்தான்.

வழக்கமாக எதிர்த்திசையில் புகுந்து புறப்படுகிற ஒருவழிச் சந்து வந்தது. உள்ளே நுழைந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். சந்து முனையில் பிரேக் போட்டான். போச்சுடா என்று முனகிக்கொண்டே சுற்றுவழியில் போனான்.

கச்சேரி ரோட்டில் ஒரு காரின் கதவு படாரென்று திறந்தது. மயிரிழையில் தப்பினான். தப்பு முழுக்கக் காருடையது. கத்தியதோ கார்க்காரர். அதோடு விட்டாரா? அவனைப் பார்த்தார், வண்டியின் நெற்றியைப் பார்த்தார், நீங்களெல்லாம் இப்படித்தான் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

சென்னையில் உள்ள அத்தனை வசவும் நோயலின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. மொத்தத்தையும் விழுங்கினான். சாரி சார், உங்களுக்கு ஒன்றும் அடி படவில்லையே என்று கேட்டான்.

கார்க்காரர் ஆடிப்போய்விட்டார். தப்பு என்மேல்தான் தம்பி என்று தணிந்த குரலில் அவர் சொன்னதை ரசிக்க நோயலுக்கு நேரம் ஏது!

கோயிலுக்குள் ஓடினான். ஞானத்தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் வில்லியம் மெழுகுவத்தியோடு நின்றிருந்தார். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அதற்காக இன்னும் எத்தனை சிக்னலில் வேண்டுமானாலும் நிற்கலாம். வில்லியமும் நல்ல மனிதர். மெழுகுவத்தியை இவன் கையில் கொடுத்துத் தோளைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஃபாதர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். இந்தப் பிள்ளைக்கு நல்ல முன்மாதிரியாக இருப்பாயா?

"இருப்பேன் ஃபாதர்." வியர்வை சொட்டச் சொட்ட, கோயிலுக்கே கேட்கும்படி சொன்னான்.

குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்தது. அது அழவே இல்லை. சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கேக்தான் வந்து சேரவில்லை.

படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு ஜீஷான் வந்தான். நோயலுக்குப் பக்கத்து வீடு, சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. ஆழ்வார்பேட்டையில் கேக் வாங்கிவரப் போனவன். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ள ஸ்கூட்டர்தான் தோது என்று, காலையில் நோயலின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தன் பைக்கை அவனுக்குக் கொடுத்திருந்தான்.

கேக் நசுங்கும் என்று உருட்டிக்கொண்டு வந்தாயா என்று நோயல் கிண்டலடித்தான்.

"கேக் கெடக்கு மச்சி! உன் வண்டி முன்னாடி மாதா நிக்கிறாங்க. நான் எதுனா ஏடாகூடமா ஓட்டுனா பாக்குறவன் உங்க ஆளுங்களத்தானே திட்டுவான்? ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னுக்கினே வந்தேன்."

நோயல் வேப்பமரத்தடியில் தான் நிறுத்தியிருந்த பைக்கைத் திரும்பிப் பார்த்தான். அதன் நெற்றியில் பிறையும் 786-உம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

ஜீஷான் சாவிக்குக் கையை நீட்டினான்.

நோயல் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இன்னும் ஒரு வாரம் நானே ஓட்டறேன் மச்சி."