கூடப்பிறந்தவள் போட்ட கேஸ்

"கூடப்பிறந்த தம்பி மேலேயே கேஸா? வெளியே சொன்னா வெட்கக்கேடு அண்ணி," என்றாள் தம்பியின் மனைவி.

அக்கா மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் டம்ளரைப் பிடித்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு டைல்ஸ் கடை. அதில் சம்பாதித்து மாடி மாடியாக ஒரு கட்டடம் எழுப்பி, வாடகைக்கு விட்டிருந்தான். அந்தக் கட்டடத்துப் பொதுப் படிக்கட்டில்தான் அக்கா வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு வக்கீலைப் பார்க்கப் போய்விட்டாள்.

"ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் நான் கொடுத்துடறேன்னு சொல்லிட்டேன். இன்னும் உனக்கு என்னக்கா வேணும்?"

"தீர்ப்பு."

"தீர்ப்பை என்ன, ஃப்ரேம் போட்டு மாட்டப் போறியா?"

"ஆஸ்பத்திரியில இருக்கும்போதே படியை மாத்துடான்னு முதல்ல உன்கிட்டதான் சொன்னேன். சிரிச்சே."

"சிரிக்காம? அத்தனை குடும்பம் அதுலதான் ஏறி இறங்குது. ஒருத்தராவது வாயைத் திறந்திருக்காங்களா? உனக்கு மட்டும்தான் வழுக்குது."

"வயசானா கண்ணு கொஞ்சம் மட்டுப்படும். பார்த்து நடக்கணும்," என்றாள் தம்பியின் மனைவி, சுவரைப் பார்த்து.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "கோர்ட்ல பார்க்கலாம்டா."

சொந்தக்காரர்கள் எல்லாரும் தம்பி பக்கம். அக்கா பெண்ணின் கல்யாணத்தில் பந்தியில் எச்சில் இலைகூட எடுத்தவன் அவன். அவனைப் போய் கூண்டில் ஏற்றுகிறாளே என்று வாய்விட்டே சொன்னார்கள். கை உடைந்ததைச் சாக்கு வைத்துச் சொத்துக்கு அடிபோடுகிறாள் என்றும் ஒரு பேச்சு கிளம்பி, அக்காவின் காதுவரை வந்து சேர்ந்தது. அதற்கும் அவள் கேஸை வாபஸ் வாங்கவில்லை.

விசாரணை நாளில் தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

அக்காவின் வக்கீல் மெதுவாகப் பேசுகிற பெண்.

"டைல்ஸ் வியாபாரத்துல உங்களுக்கு நல்ல அனுபவம்னு சொல்றாங்க."

"கண்ணைக் கட்டி விடுங்க மேடம். தடவிப் பார்த்தே என்ன ரகம்னு சொல்லிடுவேன்."

அவள் ஒரு டைல்ஸ் துண்டை நீட்டினாள். "இதைப் பார்த்துச் சொல்லுங்க. வெளிப்படிக்கட்டுக்கு வேணும்னு ஒருத்தர் உங்க கடைக்கு வந்தா, இதைக் கொடுப்பீங்களா?"

தம்பி கட்டைவிரலால் தடவினான். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாக் கேட்டீங்க! இது சுவர்ல ஒட்டற டைல்ஸ் மேடம். வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. இதைப் படியில போட்டா ஒரு சொட்டுத் தண்ணி போதும், விழுந்தவன் பல்லைப் பொறுக்க வேண்டியதுதான். கெஞ்சிக் கேட்டாலும் படிக்கட்டுக்கு நான் இதை விக்க மாட்டேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இது உங்க கட்டடத்துப் படியிலேருந்து பெயர்ந்து விழுந்த துண்டு."

தம்பியின் கட்டைவிரல் நின்ற இடத்தில் நின்றது.

"அது... கடையில மிஞ்சிப்போன சரக்கு. வீணாப் போகுதேன்னு..."

"மாடித் தொட்டி நிரம்பி வழிஞ்சா தண்ணி எந்த வழியா இறங்கும்?"

"படி வழியாத்தான்," என்றான். குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "குடியிருக்கறவங்க நடக்கற பொது வழியைப் பத்திரமா வெச்சுக்க வேண்டியது கட்டடச் சொந்தக்காரர் பொறுப்பு. வழுக்கும்னு தெரியாதுன்னு நீங்க சொல்லவும் முடியாது. உங்களை விட அது யாருக்குத் தெரியும்?"

தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. நஷ்டஈடு தர வேண்டும். எல்லா மாடிப் படிகளையும் பெயர்த்து, சொரசொரப்பான கல் பதிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை கைப்பிடி போட வேண்டும்.

வராந்தாவில் தம்பி அவளை மறித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சுட்டே. நாலு பேர் முன்னாடி தம்பியைத் தலைகுனிய வெச்சாச்சு. இப்போ குளிர்ந்துதா?"

"குளிர்ந்துதுடா," என்றாள் அக்கா. "உன் மேல் மாடியில ஒரு தையல்காரி குடியிருக்கா, தெரியுமா?"

"அவளுக்கென்ன?"

"அதே படியில விழுந்து கால் முறிஞ்சு படுத்திருந்தா. அவளைப் பார்க்கத்தான் அன்னிக்கு ஏறினேன். எதிர்வீட்டுக்காரருக்கு இடுப்பு. கீழ்வீட்டு மருமகளுக்கு முழங்கால். பாத்ரூம்ல விழுந்தேன், பஸ்ல விழுந்தேன்னு ஆளுக்கொரு கதை சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கேஸ் போடும்மான்னு அன்னிக்கு நானே அவகிட்டச் சொன்னேன். 'நாங்க எங்கேக்கா போவோம், அடுத்த நாளே வெளியே போகச் சொல்லிடுவாரே'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. போகச் சொல்ல மாட்டியா நீ?"

தம்பி அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

அக்கா கட்டுப் பிரித்த வலது கையாலேயே அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"இறங்கும்போது நானும் விழுந்தேன் பாரு, அந்த வலியிலயும் அப்பாடான்னு இருந்துதுடா. அவங்களை வீட்டை விட்டுக் காலி பண்ணச் சொல்லுவே. கூடப்பிறந்தவளை எதை விட்டுக் காலி பண்ணச் சொல்லுவே?"