வைக்கோல் மானுக்கு இடப்பக்கம்

வில்லில் பொருத்தும் குறிகாட்டி ஒன்று வாங்கக் கனகவல்லி கடைக்குப் போயிருந்தாள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வேட்டைச் சீட்டு அவள் சட்டைப்பையில் இருந்தது. ஒரு மானுக்குத்தான் அனுமதி. மான் விழுந்ததும் சீட்டில் ஓட்டை போட்டுவிடுவார்கள். கடைக்காரர் பலவேசம் முதல் குறிகாட்டியை வில்லில் மாட்டிக் கொடுத்து, கொல்லையில் நின்ற வைக்கோல் மானைக் காட்டினார். குறிகாட்டியின் வளையத்துக்குள் தெரிந்த பச்சை முள்ளை அதன் நெஞ்சுக்கு நேராக நிறுத்தி எய்தாள். அம்பு இடப்பக்கம் விலகி வெறும் சுவரில் குத்தியது.

"முள்ளையும் இடப்பக்கமே நகத்துங்க. அம்பு போற பக்கந்தான் முள்ளும் போகணும்."

"மான் வலப்பக்கம்லா நிக்குது?"

"மானை விடுங்க. அம்பைப் பாருங்க."

புரியாமலே நகர்த்தினாள். அம்பு மறுபடியும் சுவருக்கே போனது. வேறு குறிகாட்டி மாட்டினார்; அதே இடம். விலை கூடிய மூன்றாவதிலும் அதே இடம்.

நான்கு அம்புகளையும் பிடுங்கப் போனவள் சுவரில் கையை ஊன்றினாள். சுண்ணாம்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் அது மெல்ல ஏறி இறங்கியது. இன்னொரு முறை ஏறியது. பிறகு நின்றுவிட்டது.

பலவேசம் அவள் சீட்டைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் இன்னும் குறிகாட்டியே வாங்கலியே அண்ணாச்சி?"

"ஒரு சீட்டுக்கு ஒரு மான்தாம்மா," என்றார் அவர். "தூக்கிட்டுப் போக ஆள் இருக்கா?"