செருப்புத் தோல் வாஷர்

"இன்னும் பண்ணையார் உப்பைத்தான் தின்னுக்கிட்டு இருக்கியா பாய்?"

தங்கையன் போட்ட சத்தத்தில், காருக்கு அடியில் படுத்திருந்த டிரைவர் அப்துல் அஜீஸ் தலையை வெளியே நீட்டினார். வாடகை அம்பாசடரின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரத்தநாடு தாலுக்கா ஆபீசுக்கு இன்னும் ஆறு மைல் இருந்தது. மணி ஒன்பதரை.

பதினோரு மணிக்குத் தாசில்தார் விசாரணை. உழுகிற குத்தகைக்காரன் பேரைப் பதிய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதே, அதற்குத்தான். ஏழு மா நிலம், பதினெட்டு வருஷ உழைப்பு. பண்ணையாரோ கூசாமல் மனு கொடுத்துவிட்டார். தங்கையன் வெறும் கூலியாளாம், குத்தகைக்காரன் வேறு ஆளாம், பேரை விசாரணையில்தான் சொல்வாராம்!

"எவன் அந்த வேற ஆளு? வரட்டும், மூஞ்சியப் பாக்குறேன்" என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான் தங்கையன். ஆனால் உள்ளுக்குள் உதறல்தான். குத்தகை என்பது வாய்ச்சொல். துண்டுச் சீட்டு கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே சாட்சி, அவன் மனைவி தர்மாம்பாளின் தம்பி வைத்தியலிங்கம். பக்கத்து வயல்காரன். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் நிலம் போயே போச்சு.

பஸ்ஸில் போனால் பண்ணையார் ஆட்கள் வழியில் மடக்குவார்கள் என்று பயந்துதான் வாடகைக் கார் பிடித்தான். வந்த டிரைவர், போன வருஷம் வரை பண்ணையாருக்கே கார் ஓட்டியவர். அவன் நேரம், வேறென்ன!

காலையில் வீட்டுக்கு வந்த டிரைவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தான். வெளியே வந்தபோது வைத்தி காரில் சாய்ந்து நின்றிருந்தான், வேட்டிக் கரையெல்லாம் ஈரம். "வர்ற வழியில வாய்க்கால்ல கால் அலம்புனேன் அத்தான்" என்றான். தர்மாம்பாள் தம்பிக்கும் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்து, புருஷன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள்.

"அண்ணே, ரேடியேட்டர் அடி பிளக் அரைப்புரியில தொங்குது" என்றார், காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த அப்துல் அஜீஸ். "உள்ள இருந்த வாஷரக் காணோம், தண்ணி பூரா ஒழுகிப் போச்சு. தானா கழண்டு விழுற சாமான் இல்ல இது. யாரோ வேணும்னே திருகியிருக்காங்க."

"யாரோ என்னய்யா யாரோ? உன் வண்டி, உன் கை! என் வீட்டுக் காப்பியக் குடிச்சுட்டு என் வயித்துலயே அடிச்சிட்டியே, நீயெல்லாம் மனுசனா?" தங்கையன் கத்தினான். அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

வைத்தி அவன் தோளைத் தொட்டான். "விடுங்க அத்தான். திரும்பிப் போயிடலாம். இன்னொரு நாளைக்கு வாய்தா வாங்கிக்கலாம்."

"ரெண்டு வாய்தா முடிஞ்சு போச்சுடா. இன்னிக்கு விட்டா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

அப்துல் அஜீஸ் தன் இடது கால் செருப்பைக் கழற்றி, கத்தியால் அதன் தோலில் வட்டமாக ஒரு துண்டு வெட்டினார். நடுவில் ஓட்டை போட்டார். பிளக்கின் புரியில் நூலைச் சுற்றி, சவுக்காரத்தை அப்பி, தோல் வாஷரோடு சேர்த்து முடுக்கினார். அவர் லுங்கியெல்லாம் ரேடியேட்டரின் துருத் தண்ணீர் செக்கச்செவேலென்று அப்பியிருந்தது.

"தண்ணி வேணும்ணே. ரெண்டு டின்னு."

தங்கையன் டின்னைத் தூக்கிக்கொண்டு சாலையோர வாய்க்காலுக்கு ஓடினான். அங்கே ஏது தண்ணீர்? சித்திரை மாசம், மேட்டூர் திறக்க இன்னும் ஒன்றரை மாசம் இருக்கிறது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு, அரை மைல் தள்ளியிருந்த அடிபம்புக்கு ஓடி, அடித்துச் சுமந்து வந்தான். வைத்தி புளியமரத்தடியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சின் ஆறியதும் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்துல் அஜீஸ் வெறுங்காலால் கிளட்சை மிதித்துப் பறந்தார். தாலுக்கா ஆபீஸ் வாசலில் கார் நின்றபோது மணி பத்து ஐம்பது.

தங்கையன் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பாய், என் வாயில புழுதான் புழுக்கணும். துரோகின்னு நெனச்சுட்டேன்."

"அட, போங்கண்ணே. பேரு கூப்பிடப் போறாங்க."

உள்ளே பண்ணையார் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தார். தங்கையன் நெஞ்சை நிமிர்த்தி, "என் சாட்சி வந்திருக்குங்க" என்றான்.

வைத்தி முன்னால் போய் நின்றான். அப்போதுதான் தங்கையன் அவன் வேட்டிக் கரையைப் பார்த்தான். ஈரம் காய்ந்திருந்தது, கறை போகவில்லை. டிரைவர் லுங்கியில் இருந்த அதே துருக் கறை.

வாய்க்காலில் கால் அலம்பினானாமே! எந்த வாய்க்காலில்? கூடப் பிறந்தவன் மாதிரி வைத்திருந்தானே அவனை!

தாசில்தார் பேனாவைத் திறந்தார். "அந்த ஏழு மாவைக் குத்தகைக்கு உழுறது யாருய்யா?"

வைத்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"நான்தாங்க."