கிழக்கு ஜன்னல்

மஞ்சக்குப்பத்தில் மணி ரெண்டாகப் போகிறது. திலகவதி கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். இருபது வருஷமாக இந்நேரத்துக்குக் கடற்காற்று இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும். எதிர்ச்சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் கிடந்து அடித்துக்கொள்ளும் என்று அதற்குத் துணி கிளிப் ஒன்று மாட்டியிருந்தாள். இன்றைக்கு அதைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள். ஒரு தாள்கூட அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே தம்பி இளவரசு புதிதாகக் கட்டிய மூன்று மாடி வீடு நிற்கிறது. "நாலடி சந்து வுட்டுத்தான் கட்டுவேன். உன் காத்த நான் மறிப்பனாக்கா?" என்று சொல்லித்தான் அப்பாவின் மனையைப் பிரித்த பத்திரத்தில் கையெழுத்து வாங்கினான். விட்டது ஒன்றரை அடி. ஆள் நுழைய வழியில்லாமல் பூசாமலே போட்ட சுவர் அது. கம்பிக்குள் கை விட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். உச்சி வெயிலைக் குடித்த செங்கல் இன்னும் கொதிக்கிறது. மேலே முதல் மாடி ஜன்னலில் இளவரசுவின் தலை தெரிகிறது. "இன்னாக்கா, வேக்காடு ஜாஸ்தியா இருக்குதா? இங்க வந்து ஏசில செத்த குந்தேன்." "இருக்கட்டும்டா," என்கிறாள். அவன் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறான். அதற்குக் கீழே சுவரில் மாட்டியிருக்கும் ஏசிப் பெட்டி ஒருமுறை உதறிவிட்டு ஓடத் தொடங்குகிறது. சந்தில் போக்கிடமில்லாத அனல் திலகவதியின் முகத்தில் அறைந்து, அவளைத் தாண்டி உள்ளே போகிறது. முதுகுக்குப் பின்னால் காலண்டர் படபடக்கிறது. அவள் திரும்பிப் போய்க் கிளிப்பை மாட்டுகிறாள்.