ஒரு குடை நிழல்

பாருங்கள் கண்ணுகளா, ஒன்பது மணி வெயிலில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நடக்கிறார். பழைய சர்க்கரை நோய் இப்போது இதயத்தையும் தொட்டுவிட்டது. "தினமும் மர நிழல்ல நடங்க" என்றிருக்கிறார் டாக்டர். இலை கொட்டிக் குப்பையாகிறதென்று வளாகத்தில் இருந்த ஏழு மரங்களையும் வெட்டவைத்து, அந்த இடத்தைக் கார் நிறுத்தமாக்கியவர் இவர்தான். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்குகிறது; ஒரு காரின் மேல் கையை ஊன்றுகிறார், சுடுகிறது. அன்று மரத்தைக் கட்டிக்கொண்டு அழுத கீழ்வீட்டுத் தையல்காரி குடையோடு வருகிறாள். "என்னண்ணே, இப்படி வேர்க்குது? வாங்க, நானும் கூட நடக்கிறேன்." "வேணாம்மா..." "அட, சும்மா வாங்க. கால்ல ஒரு இலைகூடப் படாது, தரை சுத்தமாத்தான் இருக்கு." குடை சின்னது, அதை அவர் பக்கமே சாய்த்துப் பிடிக்கிறாள். அவள் தோளில் வெயில் விழுகிறது. அதைப் பார்த்தும், அந்த நிழலை விட்டு அவரால் விலக முடியவில்லை.