மாமா பையன்

கல்யாணமானவர்களை அந்த செல்போன் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள் என்பதால், சிவரஞ்சனி தாலியைக் கழற்றிக் கணவன் ஏழுமலையிடமே கொடுத்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எட்டாவது மாதம், அவன் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டதாக விடுதிக்குத் தகவல் வந்தது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாள்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"மாமா பையன் சார்." அது பொய்யில்லை. அம்மாவின் அண்ணன் மகனைத்தான் கட்டியிருந்தாள்.

"கூடப் பொறந்தவங்கன்னா மூணு நாள் தரலாம். இதுக்கு ஒரு நாள்தாம்மா."

அடக்கம் முடிந்த மறுநாள் காலையே ஷிப்டுக்கு வந்துவிட்டாள். கை பாட்டுக்குத் திரைகளை ஒட்டிக்கொண்டிருந்தது; முகக்கவசம் நனைந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அவரைத்தான் கட்டிக்கறதா இருந்தீங்களா அக்கா?"

சிவரஞ்சனி நிமிரவில்லை.

"ஆமா" என்றாள். "வர்ற தையில."